எந்த உரிமைக்காக நடந்த போர்?

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எங்களுக்குள் கதை எழும்பினால் இரண்டு வசனங்கள் கட்டாயம் வரும். ஒன்று, "லிங்கன் அடிமைகளை விடுவிச்சவர்." மற்றது, கொஞ்சம் கூட வாசிச்ச ஆக்கள் சொல்வது: "அது அடிமைமுறைக்கான சண்டையே இல்லை, மாநில உரிமைக்கான சண்டை." முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, தோற்றவர்கள் பிறகு எழுதின கதை. இரண்டையும் நாங்கள் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேணும்.

ஒரு போர் ஏன் வந்தது எண்டு அறிய, அதைத் தொடங்கியவர்கள் அந்த நேரத்தில் என்ன எழுதினார்கள் எண்டு பார்ப்பதுதான் நேர்வழி. 1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானார். அடிமைமுறை ஏற்கெனவே இருக்கிற மாநிலங்களில் கைவைக்க மாட்டோம், மேற்கிலுள்ள புதிய பிரதேசங்களுக்கு அதைப் பரவ விடவும் மாட்டோம் என்பதே அவருடைய கட்சியின் நிலைப்பாடு. அதுகூடத் தெற்குக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்கள் விளைவித்த பருத்திதான் அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல்.

டிசம்பர் 20 இல் தென் கரோலினா பிரிந்தது. தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை என்பது அதன் பிரகடனத்தில் இருந்த முக்கிய முறைப்பாடு. அதாவது, வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டப்படி நடந்ததுதான் குற்றமாம்! அடுத்துப் பிரிந்த மிசிசிப்பி, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது எண்டு ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. பிரிந்த மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணை ஜனாதிபதியான அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர்கள் வெள்ளையருக்குச் சமமானவர்கள் அல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் எண்டு 1861 மார்ச்சில் மேடையில் சொன்னார். அதே ஸ்டீபன்ஸ், போரில் தோற்றபிறகு தடித்த புத்தகம் ஒன்று எழுதி, பிரச்சினை மாநில உரிமைதான் எண்டு வாதாடினார். இப்ப எங்கள் காதில் விழுகிறது அந்தப் புத்தகத்தின் எதிரொலிதான்.

சரி, லிங்கன்? 1861 ஏப்ரல் 12 இல் சம்டர் கோட்டை மீது தெற்கு குண்டு வீசியபோது, வடக்கு போருக்குப் போனது நாட்டைப் பிரிய விடாமல் இருக்கத்தான். அதை விடுதலைப் போராக மாற்றினதில் அடிமைகளின் பங்கு பெரிது. மே மாதம் ஒரு இரவு, தெற்கு இராணுவத்துக்குப் பீரங்கித் தளம் கட்டவைக்கப்பட்ட மூன்று பேர் படகு வலித்து, வேர்ஜீனியாவில் வடக்கின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். சொந்தக்காரர் ஆளனுப்பித் திருப்பிக் கேட்டார். தளபதி பட்லர் கொடுக்கவில்லை. 'நீங்கள் இவர்களைச் சொத்து எண்டுதானே சொல்கிறீர்கள், எதிரியின் போர்ச் சொத்தை நாங்கள் பறிமுதல் செய்யலாம்' என்பது அவருடைய நியாயம். செய்தி பரவ, குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். வொஷிங்டனில் சட்டங்கள் இதற்குப் பின்னால்தான் வந்தன.

1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனமும் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே. வடக்கோடு நின்ற அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. ஆனால் கறுப்பர்கள் படையில் சேரக் கதவைத் திறந்தது. ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர்; இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 கழிப்பார்கள். மசாசுசெட்ஸ் 54ஆவது படையணி அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தபடியே சண்டை பிடித்தது. 1864 இல் சம சம்பளச் சட்டம் வந்தது. இவர்களை விட்டுவிட்டு "லிங்கன் விடுவிச்சவர்" எண்டு மட்டும் சொல்வது எந்த வகையில் நியாயம்?

1865 ஏப்ரலில் தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். இறந்தவர்கள் 6 இலட்சத்துக்கும் மேல். டிசம்பரில் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. நட்டஈட்டுக் கணக்கையும் பாருங்கோ. 1862 இல் தலைநகரில் அடிமைகளை விடுவித்தபோது, ஆளுக்கு 300 டொலர் வரை நட்டஈடு போனது எசமானர்களுக்கு. 1865 ஜனவரியில் விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை காணி ஒதுக்கும் கட்டளையை ஜெனரல் ஷேர்மன் போட்டார். லிங்கன் கொல்லப்பட்டபின் வந்த ஜனாதிபதி ஜோன்சன், அந்த வருஷமே அந்தக் காணிகளைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காணி போனது. 1877 க்குப் பிறகு வாக்குரிமையும் படிப்படியாகப் பறிபோனது. அந்தக் காலத்தில்தான் தெற்கெங்கும் சிலைகள் எழும்பின. ரிச்மண்டில் லீயின் சிலை வைத்தது 1890 இல். இறக்கியது 2021 இல். 'மாநில உரிமை' என்ற சொல் அப்பாவித்தனமாகக் காதில் விழுவதற்குப் பின்னால் இந்த 131 வருஷமும் இருக்கிறது. அடுத்த முறை யாராவது அதைச் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். மிசிசிப்பி தானே எழுதின பிரகடனத்தை வாசிக்கக் கொடுங்கோ, போதும்.