லிஃப்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கு... அதை ரிப்பேர் பண்ற தம்பிக்கு?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டுக்குப் போன பாட்டி, ஒரு பை கத்திரிக்காயோடு கீழே லிஃப்ட் ஏறினார். கரன்ட் போனது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. கரன்ட் போனால் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிடும் ஏ.ஆர்.டி. என்று ஒரு பேட்டரி அமைப்பு எங்கள் லிஃப்ட்டில் உண்டு. அந்த பேட்டரி எப்போது செத்ததோ, யாருக்கும் தெரியவில்லை.

வாட்ச்மேன் அண்ணா முக்கோணச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் செக்ரட்டரி அங்கிள் மெக்கானிக்குக்கு போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் ஒரு இளம் குரல். "அண்ணே, சாவியைத் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கதவைத் திறக்காதீங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகுதான் புரிந்தது. லிஃப்ட் பாதி மாடியில் நிற்கும்போது கதவைத் திறந்தால், உள்ளே இருப்பவர் குதித்து இறங்கத்தான் பார்ப்பார். பெட்டியின் அடித்தளத்துக்குக் கீழே இருட்டாக ஒரு சந்து இருக்கும். கால் தடுக்கினால் நேராகக் கீழே குழிக்குத்தான். லிஃப்ட் என்றாலே கயிறு அறுந்துவிடும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். ஆனால் கயிறு பல இருக்கும், வேகம் கூடினால் பிடித்து நிறுத்த கவர்னர் என்று தனிக் கருவியும் இருக்கும். எனக்கு இப்போது பயமெல்லாம் கதவு மேல்தான்.

நாற்பது நிமிஷத்தில் பைக்கில் வந்து இறங்கினார் மெக்கானிக். 24 வயது இருக்கும், என்னைவிடச் சின்னவர். தனியாக வந்திருந்தார். மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடினார், நாங்களும் பின்னாலேயே ஓடினோம். முதல் வேலையாக மெயின் ஸ்விட்சை அணைத்தார். நடுவில் கரன்ட் வந்து மோட்டார் சுற்றிவிட்டால் ஆபத்தாம். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், ஒருத்தர் பிரேக்கை விடுவிச்சுப் பிடிக்கணும், ஒருத்தர் இந்தச் சக்கரத்தைச் சுத்தணும். நீங்க பிரேக்கைப் பிடிக்கிறீங்களா? நான் விடுங்கன்னா உடனே விட்டுடணும்."

பேங்க்கில் ரிட்டயர் ஆன செக்ரட்டரி அங்கிள் வாழ்க்கையில் முதல்முறையாக லிஃப்ட் பிரேக்கைப் பிடித்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "பாட்டி ஒருத்தங்கதானே உள்ள இருக்காங்க, எதிர் எடைதான் அதிகம். லேசா விட்டாலே மேலதான் போகும், பயப்படாதீங்க" என்று அவருக்கும் எங்களுக்கும் சேர்த்துத் தைரியம் சொன்னார் மெக்கானிக் தம்பி. எங்களுடையது 6 பேர் லிஃப்ட். ஆளுக்கு 68 கிலோ கணக்கில் 408 கிலோ தாங்கும். அந்தச் சுமையில் ஏறக்குறைய பாதியையும் பெட்டியின் எடையையும் சேர்த்த அளவுக்கு மறுபக்கம் எதிர் எடை தொங்கும். அதனால் ஆள் குறைவாக இருந்தால் பெட்டி மேல்நோக்கித்தான் நகரும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மூன்றாவது மாடிக்குச் சமமாக நிறுத்தினார். கதவு திறந்ததும் பாட்டி கேட்டது, "கரன்ட் வந்துடுச்சா?"

காபி குடிக்கும்போது, ரிப்போர்ட்டர் புத்தி சும்மா இருக்குமா? "தம்பி, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"பைக்குக்கு இருக்குக்கா."

சிரித்தோம். ஆனால் அவர் ஜோக் அடிக்கவில்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சீனியர் அண்ணனிடம் வேலை கற்றவர். நான்கு வருஷமாக இதே தொழில். அவர் கையில் இருப்பது கம்பெனி ஐடி கார்டு மட்டும்தான். வேறு எந்தக் காகிதத்தையும் இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம், வெளிநாட்டு வேலைக்காகப் பார்த்த ஏஜென்ட்டைத் தவிர.

டெஸ்க்குக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். லிஃப்ட்டுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பம்பாயில் 1939-லேயே வந்துவிட்டது. உத்தரப்பிரதேசத்தில் 2024-ல்தான் வந்தது, அதுவும் முந்தைய வருஷம் நொய்டாவில் லிஃப்ட் விபத்துகளில் உயிர்கள் போன பிறகு. நம் தமிழ்நாட்டில் 1997-ம் வருஷச் சட்டம். லிஃப்ட் வைக்க அனுமதி வேண்டும், வைத்த பிறகு அதை இயக்க உரிமம் வேண்டும். இதையெல்லாம் பார்ப்பது மின் ஆய்வுத்துறை.

கவனித்தீர்களா? உரிமம் என்ற சொல் இங்கே முதலில் ஒட்டிக்கொள்வது லிஃப்ட் மேல், பொறுப்பு அதன் உரிமையாளர் மேல். அதே ஊரில் வீட்டுக்கு வயரிங் செய்பவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. பேப்பரில் அறிவிப்புகூட வரும். ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள். ஃபேன் மாட்டுபவருக்குத் தேர்வு இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது, பாட்டியை அந்தரத்திலிருந்து இறக்குபவருக்கு என்ன தகுதி என்று எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஹாங்காங் கதை இங்கே பொருந்தும். ஊரெல்லாம் அடுக்குமாடி என்பதால் லிஃப்ட் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது. முன்பெல்லாம் 'இந்த ஆள் தேறிவிட்டார்' என்று முதலாளியே சொன்னால் போதும். 2012 டிசம்பரில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு கம்பெனி, இன்ஜினீயர் மட்டுமல்ல, ஸ்பேனர் பிடிக்கும் தொழிலாளியும் தன் பெயரில் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், காலம் முடிந்தால் புதுப்பிக்கவும் வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்கானிக் சான்றிதழ் வாங்கவே குறைந்தது மூன்று வருஷ அனுபவம் கேட்கிறார்கள்.

அந்தப் பதிவில் எனக்குப் பிடித்த விஷயம், அட்டை தொழிலாளியின் பெயரில் இருப்பது. நம் தம்பி நாளைக்குக் கம்பெனி மாறினால், நான்கு வருஷ அனுபவம் பழைய கம்பெனியோடு போய்விடும். 'தனியா போகமாட்டேன், கூட ஆள் வேணும்' என்று முதலாளியிடம் சொல்லவும் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

அந்த ஞாயிறு அவர் ஏன் தனியாக வந்தார் என்பதற்கும் பதில் எங்கள் ஃபைலிலேயே இருந்தது. போன வருஷம் அசோசியேஷன் மீட்டிங்கில், இருப்பதிலேயே குறைந்த கொட்டேஷன் கொடுத்த கம்பெனிக்குக் கைதட்டி ஏ.எம்.சி. கொடுத்தோம். என் அப்பாவும் கைதட்டினார். அதில் எத்தனை பேர் வருவார்கள், என்ன படித்திருக்கிறார்கள், ஏ.ஆர்.டி. பேட்டரியை எப்போது சோதிப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. லிஃப்ட் உரிமம் எங்கே என்று கேட்டால், செக்ரட்டரி அங்கிள் இன்னும் பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் அபார்ட்மென்ட்டில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

படிப்புக்கு வழி இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ.யில் 'லிஃப்ட் அண்ட் எஸ்கலேட்டர் மெக்கானிக்' என்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. பத்தாவது பாஸ் போதும், இரண்டு வருஷம், தேறினால் மத்திய அரசின் தேசியத் தொழிற்சான்றிதழ். வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வராக ஐ.டி.ஐ. தொழிற்தேர்வு எழுதும் முறையும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவு எல்லா ஐ.டி.ஐ.யிலும் கிடையாது, அதனால் விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

வர்ற ஞாயிறு மறுபடி மீட்டிங். இரண்டு பேர் வர வேண்டும் என்று ஏ.எம்.சி.யில் எழுதினால் கட்டணம் கூடும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வீட்டுக்கு வீடு மெயின்டனன்ஸ் ஏறுமே என்று இப்போதே வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை. செக்ரட்டரி அங்கிள் ஒரே ஒரு மெசேஜ்தான் போட்டார். "அப்படின்னா அடுத்த தடவை பிரேக்கைப் பிடிக்க யார் வர்றீங்க? பேர் கொடுங்க." இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

தம்பிக்கு ஐ.டி.ஐ. விவரங்களை அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது: "தேங்க்ஸ்க்கா. பரீட்சைக்கு லீவு தருவாங்களான்னு முதலாளிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."