முதுகு பிடிக்கும் கைகளிடம் எதை எதிர்பார்ப்பது?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலை, பாலாற்றுப் பாலத்தருகே மாநில எல்லையைக் கடக்கிறது. வேலூர் வழியாகச் செல்லும் பாலாறு அன்று இது. காவிரியில் கலக்கும் வேறொரு சிற்றாறு. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமாகும் வரை இந்த எல்லைப்புறம் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கிருந்து கோபிநத்தம் வழியாகப் போனால் ஒகேனக்கல்லின் கர்நாடகக் கரையை அடையலாம். அருவிக்கு வருவோரில் பலர் நீராட மட்டும் வருவதில்லை. பாறைமீது குப்புறப் படுத்து, எண்ணெய் தேய்த்து முதுகைப் பிடித்துவிடச் சொல்வதற்கென்றே வருவோர் உண்டு. அவர்களுள் இடுப்பு வலிக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள்.

இந்தக் கைகளிடம் மக்கள் எதிர்பார்ப்பது என்ன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'எலும்பு நகர்ந்துவிட்டது, ஏற்றிவிடுங்கள்', 'டிஸ்க் விலகியிருக்கிறது, உள்ளே தள்ளிவிடுங்கள்' என்பவை வழக்கமான வேண்டுகோள்கள். சொடக்கென ஓர் ஓசை கேட்டதும் வந்த காரியம் முடிந்ததாக இரு தரப்பும் நிறைவடைகின்றன. அவ்வோசை மூட்டு நீரில் வாயுக்குழி உண்டாவதால் எழுவது. நகர்ந்த எலும்பு இடம் சேர்ந்ததற்கான சான்று அன்று. விலகிய வட்டைத் தோலுக்கு மேலிருந்து விரலால் தள்ளி உள்ளே வைக்கவும் இயலாது. இடுப்பு வலியால் துன்புறும் பெரும்பான்மையோருக்கு இன்ன உறுப்பின் பழுதே காரணம் என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை என்பதே மருத்துவத்தின் இன்றைய நிலை. ஏற்றிவைக்க வேண்டிய எலும்பு ஒன்று அங்கே பெரும்பாலும் இல்லை.

அப்படியானால் வலி குறைவது பொய்யா? இல்லை. 2011இல் அமெரிக்காவில் 401 நோயாளிகளிடம் நடந்த சோதனை இங்குக் கருதத்தக்கது. ஒரு குழுவுக்குத் தசைகளையும் மூட்டுகளையும் இலக்காகக் கொண்ட நுட்பமான பிடிப்பு முறை. இன்னொரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் எளிய தேய்ப்பு. மூன்றாம் குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் கழிந்தபின், தேய்ப்புப் பெற்ற இரு குழுக்களிலும் நூற்றுக்கு 36 முதல் 39 பேர் வலி முற்றிலுமோ பெரும்பாலுமோ நீங்கியதாகக் கூறினர். மூன்றாம் குழுவில் அது 4 பேர். செயல்திறனில் கண்ட பயன் ஆறு மாதம் வரை நின்று, ஓராண்டில் பெரிதும் தேய்ந்தது. (தமக்குத் தேய்ப்புக் கிடைக்கவில்லை என்பது மூன்றாம் குழுவினருக்குத் தெரியும். அந்த ஏமாற்றமும் எண்களில் கலந்திருக்கும்.)

இச்சோதனையில் அதிகம் பேசப்பட வேண்டியது, நுட்பமான முறைக்கும் எளிய முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றாததே. சித்த மருத்துவம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொக்கணத்தை ஒன்பதாக வகுக்கிறது. நகரத்து நிலையங்களோ ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயரும் ஒரு விலையும் வைத்திருக்கின்றன. இடுப்பு வலியைப் பொறுத்தவரை, இந்த விலை வேறுபாட்டுக்குப் பயன் வேறுபாடு துணைநிற்கும் என்று எண்ண இடமில்லை. பட்டயம் தொங்கும் குளிர்சாதன அறைக்கும் ஒகேனக்கல் பாறைக்கும் இடையே மக்கள் கற்பித்துக்கொண்ட ஏற்றத்தாழ்வு இங்கே ஆட்டம் காண்கிறது. அதே வேளையில், பாறையில் ஒருமுறை படுத்தெழுந்தால் பல்லாண்டு வலி பறந்துவிடும் என்ற நம்பிக்கையும் நிற்பதில்லை. சோதனையில் பயன் கண்டது பத்து முறை தொடர்ந்தவர்களிடம். சுற்றுலா வந்தவருக்குக் கிடைப்பது சில நாள் ஆறுதல்.

அந்தச் சில நாள் இழிவானதன்று. வலிக்கு அஞ்சி அசையாமல் கிடப்பதே நாள்பட்ட வலியை வளர்க்கும் காரணங்களுள் ஒன்று. வலி தணிந்த இடைவெளியில் நடக்கவும் குனியவும் உடற்பயிற்சி தொடங்கவும் துணிவு பிறந்தால், தேய்ப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. இங்கிலாந்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே பரிந்துரைக்கிறது; தனித்தன்று. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் அளித்தல் ஆகியவற்றோடு மசாஜும் இடம்பெற்றுள்ளது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக அந்நிறுவனம் கணக்கிடுகிறது. இத்தனை பேருக்கும் மாத்திரை மட்டுமே விடையாக முடியாது.

ஆனால் தொடவே கூடாத முதுகுகளும் உண்டு. காலில் பலம் குன்றுதல், மலவாய்ச் சுற்றில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை அல்லது கழியாமை, விடாத காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, கீழே விழுந்தபின் எழுந்த வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி ஆகியவை உடனே மருத்துவமனைக்கு உரியவை. முள்ளந்தண்டைத் தாக்கும் காசநோய் இந்நாட்டில் அரிதன்று. அத்தகைய முதுகை அழுத்தி முறுக்குவதன் விளைவு முடக்கமாகவும் அமையலாம்.

காவிரியில் வெள்ளம் பெருகும் நாள்களில் ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை விதிப்பார்கள். எண்ணெய் தேய்ப்போருக்கு அன்று கூலி இல்லை. அந்த வெறும் நாள்களில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் ஒருவர் அவர்களோடு உட்காரலாம். 'கால் மரத்துப்போகிறதா? சிறுநீர் சரியாகப் போகிறதா? காய்ச்சல் உண்டா?' என்று எண்ணெயைத் தொடுமுன் கேட்கப் பழக்கவும், ஆம் என்பவரை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லவும் அந்த ஒரு பிற்பகல் போதும்.