ஓவிய வகுப்பு வீணா?

பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் எங்கள் ஓவியப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. வருந்தியவர் சிலரே. "படம் வரைந்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள். அதற்கு விடையாக ஈவி ஹோன் என்ற பெண்மணியைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

அயர்லாந்தில் 1894-ல் பிறந்த இவரைச் சிறுமியாயிருந்தபோதே இளம்பிள்ளை வாதம் தாக்கியது. வாழ்நாள் முழுவதும் நடப்பதே சிரமம். எனினும் லண்டனிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றார். 1925-ல் ஆங்கிலிக்கன் கன்னியர் மடமொன்றில் சேர்ந்து, ஈராண்டில் தம் அழைத்தல் அதுவன்று என உணர்ந்து வெளிவந்தார். 1937-ல் கத்தோலிக்கரானார்.

வண்ணக் கண்ணாடியை அவர் கையில் எடுத்தது ஏறக்குறைய நாற்பது வயதில்! சாரா பர்சர் என்ற பெண் ஓவியர் 1903-ல் டப்ளினில் தொடங்கிய பட்டறையில் சேர்ந்து உழைத்தார். அது எளிய வேலையன்று. கண்ணாடியை அளந்து வெட்ட வேண்டும். முகம், கை, ஆடை மடிப்புகளைத் தீட்டிச் சூளையில் சுட வேண்டும். பின் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைக்க வேண்டும். கண்ணாடிக்கு நீல நிறம் தருவது கோபால்ட். கணக்கும் வேதியியலும் இல்லாமல் இது நடக்குமா? ஓவியத்தைக் கணக்குக்கு எதிரியாக்கியவர் யாரோ!

இங்கிலாந்தில் ஈட்டன் என்ற புகழ்பெற்ற ஆண்கள் பள்ளி உள்ளது. அதன் சிற்றாலயக் கண்ணாடிகள் 1940-ல் விழுந்த குண்டினால் நொறுங்கின. பீடத்தின் பின்னுள்ள பெரிய சன்னலை அமைக்கும் பணி ஈவி ஹோனுக்கே கிடைத்தது. 1949 முதல் 1952 வரை உழைத்து, மேலே ஆண்டவரின் சிலுவைச் சாவையும் கீழே இறுதி இராவுணவையும் படைத்தார். ஆண்பிள்ளைகள் தலைநிமிர்ந்து பார்க்கும் அந்தச் சன்னல் ஒரு பெண்ணின் கைவேலை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

"அவர் வசதியான குடும்பத்துப் பெண், நமக்குச் சம்பாத்தியம் வேண்டாமா?" என்பார் அம்மா. அது உண்மைதான், மறுக்கவில்லை. நானும் கணக்கை விடப்போவதில்லை. ஆனால் அவருக்கு நாற்பதில் திறந்த கதவை எங்களுக்குப் பதினைந்திலேயே சாத்தலாமா? பெற்றோரே, அருட்சகோதரிகளே, வாரத்துக்கு ஒரு பாடவேளைதானே! எங்களுக்கு இல்லாவிட்டாலும், ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளுக்காவது அதைத் திருப்பித் தாருங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி