ரிமோட் பைக்கும் சுமைகூலிக் கணக்கும்

ரிமோட் கார் எல்லோருக்கும் தெரியும். ரிமோட் ஹெலிகாப்டரும் தெரியும். ரிமோட் பைக் ஓடிப் பார்த்தவர்கள்தான் கொஞ்சம் குறைவு. பொம்மைக் கடையில் பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் ஒட்டி விற்கிறார்களே, அந்தச் சமாச்சாரம் இல்லை. நிஜமாகவே இரண்டே சக்கரத்தில் ஓடும், வளைவில் சாயும், மண்மேட்டில் ஏறிக் குதிக்கும் மாடல் பைக். விலையைக் கேட்டால் தலை சுற்றும் என்பது தனிக்கதை.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே அதை எப்படி மாற்றுவது என்ற யோசனை தொடங்கிவிடும். பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, நீலக் கலரில் அலுமினிய ஃபோர்க், தங்கக் கலரில் செயின் ஸ்ப்ராக்கெட்... ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் வண்டியின் விலையை மேல்செலவு தாண்டியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

எதையுமே மாற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்றுகிற வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலானவர்கள் வேகத்தில் ஆரம்பித்து, பேரிங்கிலும் டயரிலும் வந்து முடிக்கிறார்கள். ரிமோட் காரில் இது பணவிரயம் மட்டும்தான். ரிமோட் பைக்கில் இது வண்டியையே கெடுத்துவிடும்.

ஏன் என்று பார்ப்போம்.

கார் நின்றாலும் நிற்கும். பைக் நின்றால் விழும். சின்ன பைக் இன்னும் சீக்கிரம் விழும். வீட்டில் இருக்கிற நீளமான துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், கையை அசைத்து அசைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிவிடலாம். அதே இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள், முடியாது. காரணம் எளிது. உயரம் குறையக் குறைய, விழ எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்த உயரத்தின் வர்க்கமூலத்தின்படி குறைகிறது. நிஜ பைக்கில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள மாடல், நிஜ பைக் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியிலேயே சாய்ந்துவிடும். எட்டில் ஒரு பங்கு மாடலுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். தூரத்தில் நின்று ரிமோட்டைப் பிடித்திருப்பவர் அதைக் கண்ணால் பார்த்து, விரலால் திருத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆக, ரிமோட் பைக்கை ஓட்டுகிறவர் பேலன்ஸ் செய்வதில்லை. வண்டியே தன்னைத்தானே பேலன்ஸ் செய்துகொள்ள வேண்டும். அதற்காக வடிவமைப்பாளர்கள் நிறைய மூளையைச் செலவழித்திருக்கிறார்கள்.

முதல் வித்தை முன்பக்க ஃபோர்க்கின் சாய்வு. ஃபோர்க் திரும்பும் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இதனால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் தானாக இடப்பக்கம் திரும்பி, சாய்கிற எடைக்குக் கீழே போய் முட்டுக் கொடுக்கும். இது நடக்க வேண்டுமானால் ஃபோர்க்குக்குச் சுதந்திரம் வேண்டும். அதனால்தான் பல மாடல்களில் ஸ்டியரிங் சர்வோவை ஃபோர்க்கோடு இறுக்கமாகப் பிணைக்காமல், நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைக்கிறார்கள். சர்வோ இந்தப் பக்கம் போ என்று மெல்லத் தள்ளும், அவ்வளவுதான். மீதியை ஃபோர்க்கே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது வித்தை சுழலும் எடை. பம்பரம் சுற்றும்வரை விழாதே, அந்தக் கதைதான். சில மாடல்களில் பின்சக்கரத்துக்குள்ளேயே ஒரு கனமான தட்டு, சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும். 2023-ல் அமெரிக்காவின் லோசி நிறுவனம் கொண்டுவந்த ப்ரோமோட்டோ எம்.எக்ஸ். என்ற நான்கில் ஒரு பங்கு அளவு மோட்டோகிராஸ் பைக்கில், சுழலும் ஃப்ளைவீலோடு எலக்ட்ரானிக் கைரோவும் சேர்ந்து வேலை செய்கிறது. மூன்றாவது வித்தை ரைடர் பொம்மை. ஜப்பானின் கியோஷோ வெளியிட்ட எட்டில் ஒரு பங்கு அளவு பைக்குக்கு ஹேங்கிங் ஆன் ரேசர் என்றே பெயர். வளைவில் பொம்மை ரைடர் உடம்பைப் பக்கவாட்டில் தொங்கவிடுவார். அவர் அழகுக்காக உட்கார்ந்திருப்பவர் இல்லை, எடைக்கணக்கில் அவரும் ஒரு பங்காளி.

இதில் இன்னொரு சுவாரஸ்யம். 2011-ல் சயின்ஸ் இதழில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் பின்தங்கித் தொடும் அமைப்பும் இல்லாமல் ஒரு விசித்திர சைக்கிளைச் செய்து உருட்டிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடியது! எடை எந்த எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அந்த அளவுக்கு முக்கியம் என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

இப்போது நம்மூர் அப்கிரேடு வேலைகளை இதோடு வைத்துப் பாருங்கள்.

பேட்டரி. இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 7.4 வோல்ட். மூன்று செல் என்றால் 11.1 வோல்ட். அதே மோட்டார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கும். வேகம் ஒன்றரை மடங்கானால், சுவரில் மோதும்போது தீர வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு. மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சூடாகும் விதமும் மாறும். அந்த வோல்ட்டைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லாத வண்டியில் அதை மாட்டினால் முதல் நாளே புகை வரலாம். பேட்டரி கனமாகவும் இருக்கும். அந்தக் கூடுதல் எடை உட்காரும் இடம் மாறினால் வண்டி சாயும் குணமே மாறிவிடும்.

அலுமினியம். பிளாஸ்டிக் கை அடி வாங்கினால் வளைந்து திரும்பிவிடும், ரொம்ப மிஞ்சினால் உடையும். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். அதைவிட மோசம், அடியைத் தான் வாங்காமல் பக்கத்து பாகத்துக்கு அனுப்பிவிடும். நூறு ரூபாய் பாகம் உடைய வேண்டிய இடத்தில் ஆயிரம் ரூபாய் பாகம் உடையும். உடையும் பாகம் எல்லாமே மட்டமான பாகம் இல்லை. மின்சாரத்தில் ஃப்யூஸ் என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலையைச் செய்கிற பிளாஸ்டிக்கும் உண்டு.

எடைக் குறைப்பு. ரைடர் பொம்மையைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இடத்தில் கேமராவைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எடை கீழே இறங்கினால் எல்லாம் நல்லது என்பது காரில் படித்த பாடம். பைக்கில் அது அப்படியே செல்லாது, துடைப்பத்தையும் பென்சிலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்வோ. பலமான சர்வோ போட்டு, ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும் என்று ஒரு நம்பிக்கை. ஃபோர்க்கின் சுதந்திரம் போனால் தன்னைத்தானே நிமிர்த்தும் குணமும் போகும். காசு கொடுத்து விழ வைப்பது என்பது இதுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு பழைய பாடம் ஞாபகம் இருக்கும். முதலினச் செலவு, வருவாயினச் செலவு. ஒரு சொத்தின் திறனையோ ஆயுளையோ கூட்டினால் முதலினம். இருப்பதை ஓட்டத்தில் வைத்திருக்க மட்டும் செய்தால் வருவாயினம். ரிமோட் பைக்காரர்களில் பலர் மனதுக்குள் எல்லா அப்கிரேடையும் முதலினக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள், ‘வண்டியில்தானே போடுகிறேன், எங்கே போய்விடும்’ என்று. போய்விடும்! விற்கும்போது வாங்குகிறவர் வண்டிக்குத்தான் விலை பேசுவார், நீலக் கலர் அலுமினியத்துக்குத் தனியாகப் பணம் தருவது அபூர்வம். நிறைய மாற்றிய வண்டி என்றால் எவ்வளவு அடி வாங்கியதோ என்று சந்தேகம் வேறு. இன்னொரு கொடுமை, போட்ட பணத்துக்காக மேலும் மேலும் போடுவது. பெரிய மோட்டார் போட்டாச்சு, அதற்குச் செயின் தாங்கவில்லை. செயின் மாற்றியாச்சு, இப்போது பின்சக்கர ஹப் தாங்கவில்லை. மூழ்கிய செலவை மறந்துவிட்டு முடிவெடு என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்தான் இங்கே அதில் மூழ்குகிறார்கள்.

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதில் போடுவது? உதிரி பாகத்தில்.

டியூராட்ராக்ஸ் பெயரில் டி.எக்ஸ். 450 என்று ஒரு ரிமோட் டர்ட் பைக் வந்தது. அந்தப் பிராண்டை வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான ஹாபிகோ, 2018 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரி மனு செய்தது. அதன் ரேடியோ கண்ட்ரோல் வியாபாரத்தை ஹொரைசன் ஹாபி என்ற போட்டி நிறுவனம் வாங்கியது. இதுபோல நிறுவனம் கை மாறும்போது, பழைய மாடல்களுக்கான ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு கிடைக்காமல் முழு வண்டியும் அலமாரியில் உட்கார்ந்துவிடும். கார் மாடல்கள் லட்சக்கணக்கில் விற்பதால் வேறு யாராவது பாகம் செய்வார்கள். பைக் சின்ன சந்தை, அந்த அதிர்ஷ்டம் குறைவு. இந்தியாவில் இருந்து வரவழைக்கிறவர்களுக்குச் சுங்கம் வேறு. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 சதவீதமானது. கப்பல் கூலியும் வரியும் சேர்ந்த ஒரு பாகத்தை எதற்காக வாங்குகிறோம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பதில் தப்பே இல்லை.

இதற்கு எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. அது நியாயமானதும்கூட. ‘ஓட்டுவது இரண்டாவதுதான், கழற்றி மாட்டுவதுதான் சந்தோஷமே. கணக்குப் பார்த்தால் பொழுதுபோக்கு எதற்கு’ என்பார்கள். உண்மை. சினிமாவுக்குப் போய்விட்டு வந்து லாப நட்டக் கணக்கு யாரும் எழுதுவதில்லை. தவிர, ஷாக் அப்சார்பரைப் பிரித்து எண்ணெய் மாற்றிய மாணவருக்கு, அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதமே வரிசையை மாற்றச் சொல்கிறது. கழற்றி மாட்டுவதுதான் சந்தோஷம் என்றால், ஒரே நாளில் ஐந்து பாகத்தை மாற்றினால் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? வண்டி நன்றாக ஓடினால் எதனால் என்று தெரியாது. விழுந்தால் அதுவும் எதனால் என்று தெரியாது. பார்சல் பிரிக்கிற சந்தோஷம் மட்டும்தான் மிச்சம்.

சரியான வரிசை இப்படி இருக்கலாம். முதல் மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். திருகுகள் தளர்கின்றனவா என்று பார்த்து, உலோகத்தில் இறங்கும் திருகுக்கு மட்டும் திருகுப் பசை போட்டு இறுக்கி, ஓட்டிப் பழக வேண்டும். பிறகு பிளாஸ்டிக் புஷ் இருக்கும் இடங்களில் பேரிங். செலவு குறைவு, தேய்மானம் குறையும், பேட்டரியும் கொஞ்சம் நீடிக்கும். அடுத்து டயர். புல்லுக்கும் மண்ணுக்கும் சிமெண்ட் தரைக்கும் ஒரே டயர் சரிவராது. பிறகு ஷாக் எண்ணெய், ஸ்பிரிங். ஒரு பாட்டில் சிலிகான் எண்ணெயில் வண்டியின் குணம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதன்பின், இதுவரை எது உடைந்ததோ அதில் இரண்டு உதிரி. மோட்டாரும் மூன்று செல் பேட்டரியும் கடைசி. அதையும் வண்டி தாங்கும் என்று தெரிந்தபிறகு, காலியான மைதானத்தில். லித்தியம் பேட்டரியை அதற்குரிய சார்ஜரில் மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்வது எந்த வரிசையிலும் முதல் விதி. இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போகிற பழக்கம் வீட்டையே எரித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் வைத்து, அரைப் பக்க நோட்டில் என்ன நடந்தது என்று எழுதி வைத்தால் போதும். ஒரு வருடத்தில் அந்த நோட்டில் இருக்கிற விஷயம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. வண்டியை விற்றாலும் அது கையில் தங்கும். அடுத்த வண்டிக்கும் உதவும்.