ஏணியா? மதிலா?

"தரம் தாழ்ந்துவிட்டது!" என்று தலையில் அடித்துக்கொள்கின்றனர் சிலர். தம் பிள்ளைகளைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, சாய்வு நாற்காலியில் அமர்ந்து, ஊரார் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி உருகுகின்றனர். தாழ்ந்த தரத்தை உயர்த்த அவர்கள் கண்ட மருந்து யாது? ஐந்தாம் வகுப்பிலே ஒரு தேர்வு. எட்டாம் வகுப்பிலே இன்னொரு தேர்வு. தேறாதவன் அங்கேயே நிற்கட்டும் என்கின்றனர்!

நிற்கட்டுமாம்! நிற்பானா அவன்? தன்னினும் இளையவரோடு, அதே பலகையில், அதே பாடத்தை, 'தோற்றவன்' என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு ஓராண்டு உட்கார்ந்திருப்பானா? பட்டறை அவனை அழைக்கும். தேநீர்க் கடை அழைக்கும். பெண்பிள்ளையாயின் அடுப்படி அழைக்கும். வகுப்பிலே நிற்கட்டும் என்கிறீர்கள். அந்த ஏழைப் பிள்ளை பள்ளியை விட்டே நின்றுவிடுகிறது!

இதை உணர்ந்துதான் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. 2019இல் அச்சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தடைக்கல் நட வழி செய்தனர். அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரியில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் விதியைக் கொணர்ந்தது. தமிழ்நாடு அதனை ஏற்க மறுத்தது.

"இரண்டு திங்களில் மறுதேர்வு உண்டே!" என்று இரக்கம் காட்டுவர். ஐந்தாண்டில் பள்ளி கற்பிக்காததை இரண்டு திங்களில் எந்த மந்திரம் கற்பிக்கும்? கற்பிக்காமலே கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட துரோணன் கதையை நாம் அறிவோம். கற்பிக்கத் தவறியது பள்ளி. தண்டம் கட்டுவது பிள்ளை. இது துரோண நீதியன்றி வேறென்ன?

இக்குரல் நமக்குப் புதிதன்று. 1953இல் ஆச்சாரியார் ஆட்சியில், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே பாதி நாள் படிப்பு, மீதி நாள் அப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடே கொதித்தெழுந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அன்று அதற்குத் 'தொழில்' என்று முகமூடி. இன்று 'தரம்' என்று முகமூடி. அன்றும் இன்றும் வகுப்பறையை விட்டு வெளியேறுவது யார் வீட்டுப் பிள்ளை? அதை மட்டும் பாருங்கள்.

"அப்படியாயின், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் எட்டாம் வகுப்புக்கு வந்துவிடுகிறானே?" என்ற கேள்வி நேர்மையானது. அதற்கு நழுவாமல் விடை கூறவேண்டும். ஆம், வருகிறான். ஆசிரியப் பணியில் இருக்கும் நான் அதை அன்றாடம் காண்கிறேன். அது மறைக்கத்தக்கதன்று, மாற்றத்தக்கது. ஆனால் நிறுத்திவைத்தால் மாறுமா? கரும்பலகையில் எழுதியதைப் படியெடுத்து, வினாவிடையை உருப்போட்டு, கூட்டமாகக் கூவி ஒப்பிக்கும் முறையில்தான் அவன் படிக்காமற் போனான். அதே முறையில் இன்னுமோர் ஆண்டு உட்கார வைத்தால் மட்டும் அறிவு ஊறிவிடுமா? பொருள் கேளாதே, ஐயம் எழுப்பாதே, ஓது என்பது வேதபாடசாலையின் முறை. பகுத்தறிவுப் பள்ளிக்கு அது எதற்கு?

வேறு வழி உண்டு. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. பாடம் சிறுசிறு அட்டைகளாயிற்று. அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் ஏணியாயின. விரைந்து ஏறுபவன் விரைந்து ஏறலாம். மெல்ல ஏறுபவன் மெல்ல ஏறலாம். நேற்று வராதவன், விட்ட படியிலிருந்து தொடங்கலாம். நாற்காலியை விட்டிறங்கி ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். 'தோற்றவன்' என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. ஆயினும் ஓராசிரியர் பல வகுப்புகளைச் சுமக்கும் பள்ளியில் அட்டையும் ஏணியும் அலமாரியிலேதான் உறங்கும். ஆள் இல்லாமல் முறை வாழாது.

பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று கண்டபோது, பசிக்குத் தேர்வு வைத்தோமா? 1956இல் மதிய உணவு தந்தோம். 2022இல் காலை உணவும் தந்தோம். வயிற்றுக்குக் காட்டிய அறிவை எழுத்துக்கும் காட்டுவோம்.

ஆகவே, தோழர்களே! தேர்வை எதிர்த்து முழங்கினால் மட்டும் போதாது. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், படிக்கத் திணறும் நான்கு பிள்ளைகளுடன் அமருங்கள். எட்டாம் வகுப்பு வரும்முன் ஒவ்வொரு பிள்ளையும் தானே படித்துப் பொருள் சொல்லுமானால், மதில் கட்ட வருவோரின் கையில் ஒரு கல்லும் மிஞ்சாது.