நாடியும் நம்பிக்கையும்

சீன தேசத்து வைத்தியர் அஜீரணக்காரரைச் சோதிக்கும் வழிகள் நான்கு: பார்த்தல், கேட்டும் முகர்ந்தும் அறிதல், விசாரித்தல், நாடி பிடித்தல். நாக்கில் படிந்த மாவைக் கவனிப்பார். வலது மணிக்கட்டின் நடு ஸ்தானத்தில் விரல் வைத்து இரைப்பையின் நிலையைச் சொல்வார். 3-ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹே நாடிகளை 24 வகையாகப் பிரித்தார். 1564-இல் லீ ஷிஜென் 27 என்றார்.

ஆயின், ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவு சொல்வார்களா? அதுவே நாம் கேட்பது. ஒருவர் மண்ணீரலில் குளிர்ச்சி என்பார். மற்றவர் கல்லீரலின் வாயு இரைப்பையைத் தாக்குகிறது என்பார். நோயின் பெயர் மாறினால் கஷாயமும் மாறும், அவஸ்தை நோயாளிக்கு.

இக்காலத்துப் பரீட்சைகள் பலவற்றில், நாடி பார்ப்பதில் வைத்தியர்களிடையே ஒற்றுமை குறைவாகவே காணப்பட்டது. நாடிகளின் இலக்கணத்தை முன்கூட்டி வகுத்துக்கொண்டு சேர்ந்து பழகியபோது அது உயர்ந்ததும் உண்டு. விரலடியில் நாடி எளிதில் பிடிபடாதென்பதை வாங் ஷுஹேயே தம் முகவுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகையால், சோதித்துப் பார்ப்பது அக்கலைக்கு அவமதிப்பன்று.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை: அஜீரணத்தோடு உடல் மெலிந்தாலும், மலம் கறுத்தாலும், விழுங்குவது கஷ்டமானாலும் நாடியை மட்டும் நம்பிக் காத்திராதீர்கள். இரைப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரீட்சையே புண்ணையும் புற்றையும் கண்ணுக்குக் காட்டும்.