அரியலூர் மண் கொடுத்த ஒற்றைப் பல்!

அரியலூர் என்றதும் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும்தான் ஞாபகம் வரும். அந்த மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த ஒரேயொரு குட்டிப் பல், 2013-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்ற சர்வதேச அறிவியல் இதழில் இடம்பிடித்தது தெரியுமா?

கல்லமேட்டின் படிவுகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள் பழையவை. அவற்றில் பலவகை உயிரினங்களின் எலும்புத் துண்டுகளும் பற்களும் கலந்து கிடக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணை ஊறவைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சுவதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பொறுக்குவார்கள். அரிசியில் கல் பொறுக்கும் அதே பொறுமை வேண்டும்.

பல் யாருடையது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வேர், வளைவு, விளிம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இறைச்சி தின்னும் டைனோசர் பற்களின் விளிம்பு பெரும்பாலும் ரம்பம் போல இருக்கும். இந்தக் குட்டிப் பல்லில், அதன் அளவுக்கு ரம்பமுனைகள் ரொம்பப் பெரிது. அதை வைத்து ஆய்வாளர்கள் சொன்ன பெயர், ட்ரூடான்டிட். பறவை போன்ற உடல்வாகு கொண்ட சிறிய டைனோசர் குடும்பம் அது.

ஆச்சர்யம் இங்கேதான். அதுவரை இந்தக் குடும்பம் வட அமெரிக்கா, ஆசியா என வடக்குக் கண்டங்களில்தான் அறியப்பட்டிருந்தது. அன்றைய இந்தியாவோ தனித் தீவு! கண்டங்கள் பிரிவதற்கு முன்பே இவை பரவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

ஒரு பல்லை நம்பி இவ்வளவு சொல்லலாமா? நியாயமான கேள்வி. 1856-ல் அமெரிக்காவில் ஜோசப் லெய்டி 'ட்ரூடான்' என்று பெயர் வைத்ததும் ஒற்றைப் பல்லுக்குத்தான். அதை அவர் பல்லி வகை என்றே நினைத்தார். கல்லமேட்டுப் பல்லுக்கும் கூடுதல் சாட்சி வேண்டும்.

சாட்சிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை என்பதுதான் கவலை. இதே கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1989-ல் 'பிருகத்காயோசரஸ்' எனப் பெயரிட்டார்கள். 'பேருடல் பல்லி' என்று அர்த்தம். அந்த எலும்புகள் நொறுங்கிப்போய், இன்று கையில் இல்லை. எனாமல் கவசம் போட்ட குட்டிப் பல்தான் தப்பித்தது.

அந்தப் பக்கம் வித்தியாசமான கல் கண்ணில் பட்டால், உடைக்காதீர்கள், எடுத்துச் செல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து போட்டோ எடுங்கள், மொபைலில் லொகேஷன் குறியுங்கள், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாவிட்டால், 7 கோடி வயதுப் பல்லும் வெறும் கல்தான்!